மாதிரி எடுத்தது யார்?

ஜெயசீலிக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அவள் சரி சொல்வதற்கு முன்பே தெரு முழுக்கச் சொல்லிவிட்டான் அவள் கணவன் ஜெரால்டு. உண்மையில் அப்போது கிடைத்திருந்தது வேலையல்ல, வேலை தருகிறோம் என்ற அழைப்பு. சனிக்கிழமைக்குள் அவள் சம்மதமோ மறுப்போ சொல்ல வேண்டும். ஆனால் ஜெரால்டு படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன். கடற்கரையில் பத்துப் பேரோடு பேசாமல் அவனுக்கு ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வராது. மத்தியானத்துக்குள் செய்தி டீக்கடை, ரேஷன் கடை எல்லாம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

தெரு சந்தோஷப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அழைத்த நிறுவனம் ஊருக்குத் தெற்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. அந்தப் பக்கத்தில் நிலத்தடி நீர் உப்பாகிப் பல காலம் ஆகிவிட்டது. தெருக் குழாயில் வருவதெல்லாம் அந்த ஆலையின் தண்ணீர்தான். அங்கே சோதனைக்கூடத் தலைவியாக ஜெயசீலி போகப்போகிறாள் என்றதும் எதிர்வீட்டு ரீத்தா அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இனி நம்ம தண்ணியை நம்ம பிள்ளையே பார்த்துக்கொள்ளும் என்று கண் கலங்கச் சொன்னாள்.

ஜெயசீலி நீர் வேதியியல் படித்தவள். முன்பு வேலை பார்த்த உரத் தொழிற்சாலை மூடப்பட்டபின் இரண்டு வருடமாக வீட்டில் இருந்தாள். அதற்கும் முன்னால், பழைய முறையில் நேர்முகத் தேர்வுகள் நடந்த காலத்தில், அவள் ஏறி இறங்காத அலுவலகம் கிடையாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் முதலில் படிப்பைப் பற்றிக் கேட்பார்கள். பிறகு சொந்த ஊர் எது என்பார்கள். ஊரைச் சொன்னால், ஊரில் எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொன்னதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் முகமறியா நியமனச் சட்டம் வந்தது. வேலை கொடுப்பவரும் வேலைக்கு வருபவரும் முடிவு ஆகும்வரை சந்திக்கக் கூடாது. பெயர், ஊர், முகம், குரல் எதுவும் தெரியக் கூடாது. அதற்குப் பதில் ஒத்திகை. விண்ணப்பித்தவளை அரசு நிலையத்தில் சில நாட்கள் உட்காரவைத்து, தலையில் ஒரு வலையை மாட்டி ஓயாமல் பேச வைப்பார்கள். அவள் எழுதியது, பேசியது, கோபப்பட்டது, தயங்கியது எல்லாவற்றையும் சேர்த்து அவளுக்கு ஒரு பிரதி உருவாக்குவார்கள். வேறு பெயரும் வேறு முகமும் போட்டு, கணினிக்குள் கட்டிய ஆலையில் அந்தப் பிரதியை வேலைக்கு விடுவார்கள். நமக்கு ஒரு பிற்பகல் கழிவதற்குள் பிரதிக்கு இரண்டு வருடம் ஓடிவிடும். அது வேலை பார்த்த விதத்தைப் பார்த்து முதலாளி முடிவெடுப்பார். இருவரும் சம்மதித்துவிட்டால் ஒரு வருடத்துக்கு எவரும் விலக முடியாது. முகத்தைப் பார்த்தபிறகு யாரும் பின்வாங்கிவிடக் கூடாதல்லவா, அதற்காக.

விண்ணப்பித்தவருக்கு ஒரே ஓர் உரிமை இருந்தது. தன்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால், முதலாளியின் மனத்தை முடிவு செய்த காட்சியை ஒரே ஒரு முறை காட்டுவார்கள்.

"எடுத்துட்டாங்கல்லா, பெறகு ஏன் எதுக்குன்னு எதுக்குக் கேக்குத?" என்றான் ஜெரால்டு.

ஜெயசீலி கேட்கத்தான் வேண்டும் என்றாள். எந்த ஆலை என்பது தவிர முதலாளியைப் பற்றி எதுவும் தெரியாமல் சம்மதம் சொல்வதற்கு முன் இதையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா என்று அவனிடம் நியாயம் பேசினாள். உள்ளே இருந்த காரணம் வேறு. இரண்டு வருடமாக யாரும் அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. தான் திறமையாக வேலை பார்ப்பதைக் கண்ணால் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

பாளையங்கோட்டையில் இருந்தது ஒத்திகை நிலையம். அங்கே பொறுப்பில் இருந்த ரஹ்மத்நிஷா, ஜெயசீலியின் பிரதியை உருவாக்கிய நாட்களிலேயே பழக்கமானவள். அவளைக் கண்டதும் சிரித்தாள். வந்த விஷயத்தைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"கட்டாயம் பாக்கணுமா மேடம்? நெறையப் பேரு கேக்கறதே இல்ல."

"ஏன்?"

"நம்ம குரலை ரிக்கார்டு பண்ணிக் கேட்டாலே நமக்குப் பிடிக்கறதில்ல. இது அதைவிட மோசம்." கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டாள். "ஒரு விஷயம். உள்ள இருக்கறது நீங்க இல்ல. நீங்க என்ன செய்ய வாய்ப்பிருக்குன்னு அது சொல்லுது, அவ்வளவுதான். பாக்கறதுன்னா முழுசாப் பாருங்க. இன்னொரு தடவை கேட்டா எங்களால காட்ட முடியாது."

அறைக்குள் ஒரு நாற்காலியும் சுவர் அளவுக்குத் திரையும் இருந்தன. விளக்கு அணைந்ததும் திரையில் ஒரு சோதனைக்கூடம் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல். அவளுடைய பிரதிக்குப் போட்டிருந்த முகத்தை மாற்றி, பார்ப்பதற்கு வசதியாக அவளுடைய முகத்தையே வைத்திருந்தார்கள். அந்த ஜெயசீலி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பூரணி என்று ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், சீசாக்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு கோடை வந்தது. கடல்நீரில் போரான் என்று ஒன்று கரைந்திருக்கும். உப்பை வடிகட்டும் சவ்வுகள் தேய்ந்து, கடலும் சூடேறினால் அது வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, நாக்கில் படாது. அளவு மீறினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். திரையில் பூரணி கொண்டுவந்த தண்ணீரில் அளவு மீறியிருந்தது. ஆலையின் மேலாளர் வந்து, ஊரே தண்ணீருக்குத் தவிக்கும் நேரத்தில் ஆலையை நிறுத்தச் சொல்கிறாயா, புதுச் சவ்வு வந்துகொண்டிருக்கிறது, ஒரு வாரம் பொறு என்றார். அந்த ஜெயசீலி கொஞ்ச நேரம் வாதாடினாள். பிறகு குறைந்த அளவைப் பதிந்தாள். நாற்காலியில் இருந்த ஜெயசீலி, இப்படிக்கூடச் செய்வேனா என்று நினைத்தாள். ஊருக்குத் தண்ணீர் வேண்டுமே என்று உடனே தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அதோடு முடியவில்லை. அதிகாரிகள் வந்து தாங்களே தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். ஒரு நீண்ட அறையில் விசாரணை நடந்தது. பூரணி சுவரோரமாக நின்றாள். உங்கள் அளவுக்கும் எங்கள் அளவுக்கும் ஏன் இத்தனை வித்தியாசம் என்று ஓர் அதிகாரி கேட்டார்.

திரையில் இருந்த ஜெயசீலி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"மாதிரி எடுத்தது பூரணி," என்றாள். "அவ சரியா எடுத்திருக்க மாட்டா."

யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. மேலாளர்கூடத் திரும்பிப் பார்த்தார். பூரணி மறுத்துப் பேசவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதுபோல அந்த ஜெயசீலியைப் பார்த்தபடி நின்றாள். அவளை வேலையை விட்டு அனுப்புவதாகச் சொன்னபோதும் பார்வையை எடுக்கவில்லை. அந்த ஜெயசீலி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜெயசீலிக்கு அந்தக் கை தெரியும். கல்லூரியில் தோழியைப் பற்றி ஒரு பொய் சொன்னபோதும், அம்மாவின் கடைசி நாட்களில் வேலை அதிகம் என்று ஊருக்குப் போகாமல் தட்டிக்கழித்தபோதும் அவள் இப்படித்தான் கண்ணாடியைத் துடைத்தாள். இது தன்னைப் போன்ற எதுவோ என்று ஒதுக்கித் தள்ள முடியவில்லை. திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, கதவைத் தடவித் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ரஹ்மத்நிஷா தண்ணீர் கொடுத்தாள். முழுவதும் பார்த்தாயிற்றா என்று கேட்டாள். ஜெயசீலி தலையாட்டினாள்.

"அந்தப் பூரணிங்கற பொண்ணு... அதுக்கு வலிக்குமா?"

ரஹ்மத்நிஷா டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "வலிக்காதுன்னுதான் எங்களைச் சொல்லச் சொல்லியிருக்காங்க மேடம்," என்றாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜெயசீலிக்கு ஒரே நினைப்புதான். இதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த முதலாளி தன்னை வேண்டும் என்றிருக்கிறார். அளவை மாற்றிப் பதிய ஓர் ஆள், மாட்டிக்கொண்டால் கீழே இருப்பவளைத் தள்ளிவிட ஓர் ஆள். எத்தனையோ பேருடைய ஒத்திகையைப் பார்த்து, இவள்தான் நமக்குத் தோது என்று பொறுக்கியிருக்கிறார். மறுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் மறுத்தால் ஜெரால்டு ஏன் என்று கேட்பான். ரீத்தா அக்கா கேட்பாள். அந்த அறையில் பார்த்ததைச் சொல்லாமல் என்ன காரணம் சொல்வது? பொய்க் காரணம் எதுவும் வாயில் வரவில்லை. சம்மதித்துவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

வீட்டில் ஜெரால்டு விளமீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தான். கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு வந்தான்.

"என்ன காட்டுனாங்க சீலி? எதுக்கு ஒன்னைய எடுத்தாங்களாம்?"

"வேலையைத் துல்லியமாப் பாக்கறேனாம்," என்றாள்.

அவன் அவளைவிடப் பெருமைப்பட்டான். அடுத்த நாள் அதையும் தெருவில் சொன்னான். தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் குழாயடிக்குப் போனால் பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். ரீத்தா அக்காவின் மருமகள் மாசமாக இருந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து, அக்கா, எந்தத் தண்ணியை எவ்வளவு குடிக்கலாம், காய்ச்சணுமா என்று ஆசையாகக் கேட்டாள். ஜெயசீலி சொன்னாள். சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் குடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

நான் நிஜத்தில் அப்படிச் செய்ய மாட்டேன், பார்த்துத் தெரிந்துகொண்டபின் எப்படிச் செய்வேன் என்று இரவும் பகலும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் போகாவிட்டால் இன்னும் மோசமான ஒருத்தி போவாள் என்றும் சொல்லிக்கொண்டாள். இந்தக் காரணங்களை ஜெரால்டிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதே அவை எப்படிப்பட்ட காரணங்கள் என்று காட்டியது. சனிக்கிழமை காலையில் அவள் சம்மதம் அனுப்பினாள்.

திங்களன்று ஆலையில் அவளை வரவேற்று மாடிக்கு அனுப்பினார்கள். முதலாளியின் அறை சிறியது. மேசைமேல் கிழிந்த பழைய சவ்வுச் சுருள் ஒன்று கிடந்தது. ஜெயசீலி நின்றுகொண்டே இருந்தாள். யார் வருவார் என்று அவள் மனத்தில் ஓர் உருவம் இருந்தது, கஞ்சி போட்ட சட்டையும் கையில் மோதிரங்களுமாக. கதவைத் திறந்து வந்தவள் ஐம்பது வயதுப் பெண். பருத்திப் புடவை, பாதி நரைத்த தலை. அவள் முகத்தைப் பார்த்ததும் ஜெயசீலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

பூரணி. வயது கூடியிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் அதே பூரணி.

"உக்காருங்க ஜெயசீலி. எம் பேரு அன்னபூரணி." அவளே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். "முகத்தைப் பாத்துப் பயந்துட்டீங்க. முன்கூட்டியே சொல்லச் சட்டம் விடல. ஒத்திகையில முதலாளிகளும் தங்களோட பிரதியைப் போடலாம். எல்லாரும் மேலாளராத்தான் போடுவாங்க. நான் சின்ன வயசுல சோதனைக்கூடத்துல சீசா கழுவுனவ. அதனால என்னையை அங்கேயே போடச் சொன்னேன். சின்ன வயசு முகம்தான, யாருக்கும் அடையாளம் தெரியாதுன்னு அப்படியே விட்டுட்டாங்க."

மன்னித்துவிடுங்கள் என்று ஜெயசீலி சொல்ல முயன்றாள். அன்னபூரணி கையமர்த்தினாள். அந்தக் கோடையை எல்லா விண்ணப்பதாரருக்கும் வைத்ததாகச் சொன்னாள். வந்தவர்களில் ஒருவர்கூட ஆலையை நிறுத்தவில்லை. அத்தனை பேரும் கடைசியில் பூரணியைத்தான் கைகாட்டினார்கள். சிலர் அழுதுகொண்டே, சிலர் கோபமாக. தன் பிரதி அத்தனை முறை அந்தச் சுவரோரம் நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்ததே பாவம் என்று தோன்றிவிட்டது, நடுவில் நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்ததாகச் சொன்னாள்.

"கடைசியா உங்களோடது வந்துது. நீங்களும் அதையேதான் செஞ்சீங்க. ஆனா நீங்க மட்டும் மறுபடி வந்தீங்க." அவள் குரல் இளகியது. "மழைக்காலத்துல நான் இருந்த வீட்டைத் தேடிப்பிடிச்சு வந்தீங்க. வாசல்ல நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னீங்க. பெறகு என்னையவும் கூட்டிக்கிட்டுப் போய் அதிகாரிங்ககிட்ட சொன்னீங்க. உங்க வேலை போச்சு. அதைப் பாத்துட்டுத்தான், இவங்க போதும்னு சொல்லிட்டேன். தப்பே செய்யாத ஆள் எனக்குக் கிடைக்க மாட்டாங்க. செஞ்சுட்டுத் திரும்பி வர்றவங்க கிடைச்சாங்களே."

மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை ஜெயசீலி தொடவில்லை.

"ஆனா நீங்க சம்மதிப்பீங்கன்னு நான் நெனைக்கல," என்றாள் அன்னபூரணி. "காட்சியைக் கேட்டு வாங்கிப் பாத்தீங்கன்னு நிலையத்துல சொன்னாங்க. தன்னோட தப்பை அப்படிக் கண்ணால பாத்துட்டு, அதுக்கப்புறமும் வர ஒரு தைரியம் வேணும்."

தலையாட்டினால் போதும். அந்த நிமிடத்தில் ஜெயசீலியிடம் யாரும் வேறெதுவும் கேட்கவில்லை. அவள் கை கண்ணாடிக்குப் போனது. கழற்றிவிட்டாள். தலைப்பைத் தேடிய விரல்களைத் தானே பார்த்தாள். கண்ணாடியைத் துடைக்காமல் மேசைமேல் வைத்தாள். எதிரே இருந்த முகம் மங்கலாகத் தெரிந்தது. பேச அதுவே வசதியாக இருந்தது.

"நான் முழுசாப் பாக்கல."

"என்ன சொல்லுதீங்க?"

"விசாரணை வரைக்கும்தான் பாத்தேன். நீங்க சுவரோரமா நின்னீங்களே, அதோட எந்திரிச்சு வந்துட்டேன். முழுசாப் பாத்தாச்சான்னு அந்தம்மா கேட்டதுக்குத் தலையாட்டிட்டேன். நான் உங்க வீட்டுக்கு வந்தது... அது நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

கீழே பம்புகள் ஓடும் சத்தம் தரை வழியாகக் காலுக்கு வந்துகொண்டிருந்தது.

"அப்ப எதுக்காக உங்களை எடுத்தேன்னு நெனைச்சீங்க?"

"பொய்யா எழுதறதுக்கு ஆள் வேணும்னு எடுத்திருக்கீங்கன்னு நெனைச்சேன்."

"அப்படி நெனைச்சுக்கிட்டேதான் சம்மதிச்சீங்களா?"

"ஆமா."

"எங்க தண்ணி உங்க தெருவுக்கும் வருதில்லியா?"

"வருது," என்றாள் ஜெயசீலி. "எல்லாரும் அதைத்தான் குடிக்கறோம்."

அன்னபூரணி எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். அவள் தோள்கள் தளர்ந்திருந்தன. கோபத்தில் ஏதாவது சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஜெயசீலி காத்திருந்தாள். திரும்பியபோது அந்த முகத்தில் கோபம் இல்லை. விசாரணை அறையில் இருந்த அதே பார்வைதான், தப்பாகக் கேட்டுவிட்டதுபோல.

"அந்த ஒத்திகை ஜெயசீலி உங்களைவிடக் கொஞ்சம் நல்லவளா இருந்துட்டா," என்றாள் மெதுவாக. "நான் எடுத்தது அவளை. வந்திருக்கறது நீங்க. சட்டப்படி ஒரு வருஷம் நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருந்தாகணும். வாங்க, கூடத்தைக் காட்டுதேன்."

படியில் இறங்கும்போது அன்னபூரணி முன்னால் போனாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சோதனைக்கூடத்தில் இசக்கியம்மாள் என்ற உதவியாளர் மட்டும் இருந்தாள். புதிய தலைவி என்று சொன்னதும் வணக்கம் சொல்லி, அன்றைய தண்ணீரை எடுக்கக் கிளம்பினாள். நானே எடுக்கிறேன் என்று ஜெயசீலி சீசாவை வாங்கிக்கொண்டாள். குழாயைத் திறந்து, முதலில் வந்த நீரை ஓடவிட்டு, சீசாவை அலசி நிரப்பிக் கொண்டுவந்தாள். இரண்டு வருடம் கழித்துச் செய்யும் வேலை. கைக்கு முறை மறக்கவில்லை. கருவி காட்டிய அளவை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது.

வாசலில் நின்றிருந்த அன்னபூரணி இசக்கியம்மாளைப் பார்த்தாள்.

"நீ போய் இன்னொரு சீசா எடுத்துட்டு வா. நீயே சோதிச்சுப் பாரு. இனிமே தெனமும் அப்படித்தான்."

இசக்கியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. தலைவியின் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு, குனிந்தபடி வெளியே போனாள். ஜெயசீலி தனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்காராமல் மேசையோரம் நின்றாள். இசக்கியம்மாள் வந்தாள், அலசினாள், ஊற்றினாள், கலந்தாள், காத்திருந்தாள்.

"அதே அளவுதாம்மா வருது," என்றாள் இசக்கியம்மாள் கடைசியில்.

அன்னபூரணி தலையசைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். படியேறும் சத்தம் நிற்கும்வரை ஜெயசீலி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்னபூரணி திரும்பி ஒரு வார்த்தை சொல்வாள், சரியாகச் செய்தீர்கள் என்று மட்டுமாவது சொல்வாள் என்று தான் இவ்வளவு நேரமும் எதிர்பார்த்து நின்றது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. இசக்கியம்மாள் பார்த்துவிடப் போகிறாளே என்று திரும்பிக்கொண்டு, அந்த இரண்டு சீசாக்களையும் கழுவ ஆரம்பித்தாள்.